பழைய வெள்ளி ரூபாய்: எடைக்குப் போடுவதா, அப்படியே விற்பதா, கிரேடு போட அனுப்புவதா?

பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் பத்து இருபது கையில் வந்துவிட்டால் முன்னால் இருப்பது மூன்றே வழிதான். நகைக்கடையில் எடைக்குப் போடலாம். காசு வியாபாரியிடமோ ஏலத்திலோ அப்படியே கொடுக்கலாம். இல்லையென்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி, காசின் நிலைக்கு எண் போட்டு (இதுதான் கிரேடு), பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வாங்கி (சேகரிப்பவர்கள் அதை ஸ்லாப் என்பார்கள்) அப்புறம் விற்கலாம். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு நடு வழிதான் சரி, ஸ்லாப் மிகச் சிலவற்றுக்கு மட்டும், எடைக்குப் போடுவது எல்லாம் பார்த்து முடித்த பிறகு. ஆனால் எந்தக் காசுக்கு எந்த வழி என்பதைக் கடைக்காரர் சொல்லக் கூடாது, காசின் நிலை சொல்ல வேண்டும். அந்த நிலையைப் படிக்கத் தெரியாமல் மூன்றில் எந்த வழியில் போனாலும் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் அடிவிலையைப் பார்த்துவிடுவோம், அது சுலபம். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் மூவர் காலத்து ரூபாயும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, கடைக்காரர் பாஷையில் 91.7 டச். கணக்குப் போட்டால் ஒரு காசில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அதுதான் அந்தக் காசின் தரைமட்டம், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதற்குக் கீழே போகாது. ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1938, 1939 தேதிக் காசுகளும் அதே தரம்தான். 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், எடை அதேதான், வெள்ளி மட்டும் 5.83 கிராம். 1947 தேதி போட்ட, புலி உருவம் உள்ள ரூபாய் முழுக்க நிக்கல், அதில் வெள்ளியே கிடையாது. இந்த மூன்று வகையும் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், மொத்தமாக எடை போட்டு ஒரே விலை சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கே நிற்காதீர்கள். நகைக்கடையில் இன்னொன்றும் உண்டு: உருக்கும்போது கழியும் என்று ஒரு சதவீதம் பிடிப்பார்கள், அதனால் தரைமட்டம் என்று நான் சொன்ன விலைகூட அங்கே முழுசாகக் கைக்கு வராது.

இதற்கு மேலே கிடைக்கும் பணம் எல்லாம் நிலைக்கும் அரிதுக்கும்தான். நிலையை எண்ணில் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1949-ல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் செண்ட்களைப் பற்றி எழுதும்போது 1 முதல் 70 வரை ஓர் அளவு வகுத்தார். எது என்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது 1, அச்சுக்கூடத்தை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருப்பது 70. அவர் நினைத்தது நேர்க்கணக்கு: முதல் படியில் ஒரு டாலர் பெறும் காசு எழுபதாம் படியில் 70 டாலர் பெறும். எண்ணைப் பெருக்கினால் விலை வந்துவிடும் என்பதுதான் திட்டம். சந்தை அந்தக் கணக்கைச் சீக்கிரமே உடைத்துவிட்டது. கீழ்ப்படிகளில் விலை ஊர்ந்து போகும், மேலே வந்ததும் ஒரே ஓர் எண்ணுக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று தாவும். எண் மட்டும் நிலைத்துவிட்டது, இன்று உலகம் முழுக்க அதே 70 தான்.

படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 4 குட், 8 வெரி குட், 12 ஃபைன், 20 முதல் 35 வரை விஎஃப் (வெரி ஃபைன்), 40-ம் 45-ம் எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), 50 முதல் 58 வரை ஏயு (அபௌட் அன்சர்குலேட்டட்), 60-லிருந்து 70 வரை எம்எஸ் (மிண்ட் ஸ்டேட்), அதாவது புழக்கத்துக்கே போகாதது, நம் வியாபாரிகள் யுஎன்சி என்று சொல்வது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. குட் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, நன்றாகத் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வெரி குட் என்று ஒருவர் உங்கள் காசைப் புகழ்ந்தால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

படியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1917-ம் வருட ஜார்ஜ் ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கும் கிடைப்பது. டியூப் லைட் வேண்டாம், ஒரே ஒரு பல்பு உள்ள மேஜை விளக்கு போதும், அடியில் மெத்தென்று ஒரு துணி, விளிம்பில் மட்டும் விரல். காசில் எது மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும், அதனால் கண் அங்கேதான் போக வேண்டும்: கிரீடத்தின் வளைவில் இருக்கும் சின்ன முத்துகள், புருவம், காது, தாடி, அப்புறம் அங்கியில் தொங்கும் யானை. முத்துகள் தனித்தனியாக உருண்டு நிற்கின்றனவா, ஒன்றோடு ஒன்று சேர்ந்து தட்டையான கோடாகிவிட்டனவா? காதின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? திருப்பினால் பின்பக்கம் பூ வளையம், அதில் இதழ்களுக்குள்ளே நரம்புக் கோடு தெரிகிறதா? எல்லாம் தெரிந்தால் எக்ஸ்எஃப்-க்கு மேலே யோசிக்கலாம். மேடெல்லாம் மழுங்கி, வடிவம் மட்டும் நன்றாகத் தெரிந்தால் விஎஃப் பக்கம். கிரீடமும் முடியும் ஒன்றாகிவிட்டால் ஃபைன் அல்லது அதற்கும் கீழே, அங்கே பொதுவான தேதிக் காசுக்குக் கிடைப்பது வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான்.

அடுத்து, காசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழக்கத்துக்குப் போகாத காசில் வெளிச்சம் நடுவிலிருந்து விளிம்பு வரை ஆரம் ஆரமாக ஓடும், காசைத் திருப்பத் திருப்ப அதுவும் சுற்றும். அச்சு அடிக்கும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து வெளியே பாயும்போது விழும் நுண்ணிய கோடுகளில் பட்டு வருகிற ஒளி அது, லஸ்டர் என்பது இதைத்தான். கையில் பட்டுப் பட்டு அந்தக் கோடுகள் போய்விட்டால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. மேட்டில் மட்டும் அந்த ஓட்டம் அறுந்து, பள்ளத்தில் இன்னும் ஓடினால் அது ஏயு. எங்கும் அறுந்திடாமல் ஓடினால் எம்எஸ். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. தேய்ந்த காசு ஒன்றையும் நல்ல யுஎன்சி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட இதற்கு வேறு நல்ல பாடம் இல்லை.

இங்கேயே ஒரு சின்ன ஒப்பீடு, வாங்குபவர்களுக்கு. ஏயு 58, எம்எஸ் 61 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வந்தால் எதை எடுப்பது? எண்ணைப் பார்த்தால் 61. நான் 58-ஐத்தான் எடுப்பேன். 60, 61, 62 எண்களில் தேய்மானம் இருக்காதே தவிர, மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள் முகம் முழுக்க இருக்கும், லஸ்டரும் மங்கியிருக்கும். 58 என்பது பல நேரம் நல்ல அச்சு, சுத்தமான களம் (உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடம்), மேட்டில் மட்டும் மூச்சு பட்ட மாதிரி லேசான தேய்மானம். கண்ணுக்கு அழகு அதுதான். 63-க்கு மேலே போனால் கதை வேறு, 64, 65 ஆகும்போது வடு குறைந்து, அச்சு கூர்மையாகி, பார்த்ததும் கண்ணைப் பிடிக்கிற காசாகிறது, விலை தாவுவதும் அங்கேதான்.

சரி, நம் வீட்டுக் காசுகளுக்கு வருவோம். இவற்றில் நல்ல கிரேடு கிடைக்காமல் போவதற்குத் தேய்மானத்தைவிடப் பெரிய காரணம் இரண்டு. ஒன்று கழுவியது. வெள்ளிப் பாத்திரத்தை விபூதி போட்டுத் தேய்ப்பதும் புளி போட்டு விளக்குவதும் நம் வீட்டு வழக்கம், அந்த வரிசையில் பூஜை அறைக் காசும் வருஷா வருஷம் தேய்க்கப்பட்டிருக்கும். விபூதிக்குள் இருக்கும் நுண்ணிய துகள் காசின் மேல் மயிரிழைக் கோடுகளை இழுத்துவிடும். விளக்கடியில் சாய்த்தால் ஒரே திசையில், இல்லை வட்டம் வட்டமாக, அந்தக் கீறல்கள் தெரியும். பளபளப்பு இருக்கும், ஆனால் ஓட்டம் இருக்காது, நடுக்களம் வெள்ளை வெளேரென்று செத்த நிறத்தில் இருக்க எழுத்து ஓரங்களில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். அது கழுவிய காசு. பழுப்பு, நீலம், கறுப்பு என்று இயற்கையாக வந்த கறையை அழுக்கு என்று நினைத்துத்தான் தேய்க்கிறோம், சேகரிப்பவருக்கோ அந்தக் கறைதான் காசு தொடப்படவில்லை என்பதற்குச் சாட்சி. அதனால் விற்கப் போகும் முன் பல்பொடி, எலுமிச்சை, பேக்கிங் சோடா எதையும் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் போட்டு, தேய்க்காமல் எடுத்துக் காய விடலாம், அது வெள்ளியைத் தொடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று வளையம். காசுமாலை, அரைஞாண், குழந்தைக்குக் கழுத்தில் கட்டுவது என்று இந்த ரூபாய்களில் ஏராளமானவை ஆசாரி கையில் போய் வளையம் பற்றவைக்கப்பட்டவை. பிறகு வளையத்தை எடுத்துவிட்டு அரம் போட்டிருப்பார்கள். அதைப் பிடிக்க காசின் முகத்தைப் பார்க்கக் கூடாது, விளிம்பைப் பார்க்க வேண்டும். ராஜா தலைக்கு நேர் மேலே, விளிம்பின் பல் வரிசை ஓரிடத்தில் வழவழவென்று அறுந்திருந்தாலோ, அங்கே மட்டும் நிறம் சற்று மஞ்சளாக இருந்தாலோ முடிந்தது. காசு மாற்றிக் கொடுத்த பழைய சராப்புகள் வெள்ளி நல்லதுதானா என்று பார்க்கக் குத்திய சின்ன முத்திரைக் குத்துகளும் இதே கணக்கில் சேரும்.

கழுவிய காசையும் வளையம் எடுத்த காசையும் கிரேடு போட அனுப்பினால் எண்ணே கிடைக்காது. டீடெய்ல்ஸ் என்று எழுதி, காரணத்தையும் பக்கத்திலேயே போட்டு அனுப்பிவிடுவார்கள்: எக்ஸ்எஃப் டீடெய்ல்ஸ், கிளீன்டு. செலவும் முழுசாகப் போய், அடுத்து வாங்குபவருக்கு அந்தக் குறையை நாமே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த மாதிரியும் ஆகிவிடும். ஆகவே பொதுவான தேதியுள்ள, கழுவிய, வளையம் எடுத்த ஜார்ஜ் ரூபாய்க்கு எடை விலைதான் நியாயமான விலை, அதைச் சொல்லும் வியாபாரியிடம் சண்டை போட வேண்டாம்.

இப்போது நடு வழி, வியாபாரியும் ஏலமும். வியாபாரி கண்ணால் பார்த்து விஎஃப், எக்ஸ்எஃப் என்று சொல்வார், எண் கிடையாது, சான்றிதழ் கிடையாது, கட்டணமும் கிடையாது. பணம் அன்றைக்கே கைக்கு வரும். இதன் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாங்கும்போது விஎஃப் என்று சொன்ன அதே காசை விற்கும்போது எக்ஸ்எஃப் என்று சொல்ல அவருக்கு ஆசை வரும். அவர் பிழைப்பு அது, தப்பு சொல்ல முடியாது, ஆனால் படி என்னவென்று தெரிந்துகொண்டு போகிறவரிடம் இது நடக்காது. "இது எக்ஸ்எஃப்தானே, காது முழுசா இருக்கு பாருங்க" என்று நீங்கள் சொன்ன நிமிஷமே பேச்சின் போக்கு மாறிவிடும். ஒரே கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் காட்டுங்கள், நாணயக் கண்காட்சி நடக்கும்போது போனால் ஒரே கூரையின் கீழ் பல பேர் கிடைப்பார்கள். நல்ல தேதி, நல்ல நிலை இரண்டும் சேர்ந்த காசு என்றால் மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் மாதிரி நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நிபுணர்கள் நிலையை எழுதிப் பட்டியல் போடுவார்கள், வாங்க வருபவர்களும் காசு படிக்கத் தெரிந்தவர்கள், கமிஷன் போக விலை நேர்மையாக ஏறும். ஆனால் சாதாரண காசை அங்கே கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்தாலும் இருபது முப்பது சேர்த்து ஒரே லாட்டாகப் போட்டுவிடுவார்கள், பணம் வரக் காத்திருக்கவும் வேண்டும்.

மூன்றாவது வழி, ஸ்லாப். பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் வேலையைத் தொடங்கியதற்குக் காரணமே மேலே சொன்ன பிரச்சினைதான்: விற்பவரே கிரேடு சொன்னால் யார் நம்புவது? காசை வாங்காத, விற்காத மூன்றாவது ஆள் சொல்லட்டும் என்பதுதான் யோசனை. அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்கிறார்கள். போலி என்றால் எண் கிடைக்காது. கிடைத்த எண்ணோடு காசு, பிரித்தால் தெரிந்துவிடும் கூட்டுக்குள் போகிறது, சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம். படத்தை மட்டும் பார்த்து வேறு நாட்டுக்காரர் நம்பி வாங்குகிறார் என்றால் அதற்கு இந்தக் கூடுதான் காரணம். இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், முன்பின் தெரியாத இருவர் உலகத்தின் இரண்டு மூலையிலிருந்து காசு பரிமாற முடிவது பெரிய விஷயம்.

ஆனால் இந்தியாவில் இருப்பவர்கள் இந்த வழியில் காலை வைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், இதைப் பலர் சொல்வதே இல்லை. 1972-ம் வருடத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறு வருடம் ஆன காசு தொல்பொருள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கோ அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கோ மட்டும்தான் உரிமை, தனியார் அனுப்பக் கூடாது. விக்டோரியா ரூபாய், எட்வர்டு ரூபாய் எல்லாம் எப்போதோ நூறைத் தாண்டிவிட்டன. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கடைசித் தேதி 1922, அதுவும் தாண்டிவிட்டது. ஆக, வீட்டில் கிடைக்கும் நல்ல வெள்ளி ரூபாயில் மிகப் பெரும்பகுதியைக் கிரேடு போடுவதற்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது சட்டப்படி வழியே இல்லை. கிரேடு போட்டுத் திரும்பித்தானே வரப் போகிறது என்ற சமாதானம் செல்லாது, கூரியரில் பொம்மை என்று எழுதி அனுப்பலாம், மாமா ஊருக்குப் போகும்போது பையில் போட்டு அனுப்பலாம் என்று யோசனை சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று வெளியே வாழ்பவர்கள் வீட்டில் தலைமுறையாக இருக்கும் காசுக்கு இந்தத் தடை கிடையாது, அவர்களுக்கு ஸ்லாப் உண்மையான ஒரு தேர்வு. இங்கே இருப்பவர்களுக்கு அது மிஞ்சுவது ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகளிலும் அதற்குப் பிந்திய குடியரசுக் காசுகளிலும்தான்.

அனுப்ப முடிகிற காசுக்கும் கணக்கு வேண்டும். கிரேடு கட்டணம், போக வர காப்பீட்டோடு தபால், இடையில் வாங்கி அனுப்பும் முகவரின் கமிஷன், மாதக்கணக்கில் காத்திருப்பு. நான் வைத்திருக்கும் விதி கடுமையானது: என் காசு எந்த எண் வாங்கும் என்று நான் நினைக்கிறேனோ அதற்கு ஒரு படி கீழே வந்தாலும் செலவைத் தாண்டி லாபம் இருக்க வேண்டும். 64 வரும் என்று தோன்றினால் 63 விலையை வைத்துத்தான் கணக்குப் போடுவேன், ஏனென்றால் நம் காசை நாம் பார்க்கும்போது கண் எப்போதும் ஒரு படி மேலே ஏறிவிடும். ஒரு காசுக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஐயாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே விற்றால் மூவாயிரம், எண்ணோடு விற்றால் ஏழாயிரம் என்றால் அனுப்பியதில் பலன் இல்லை. விஎஃப், எக்ஸ்எஃப் நிலையில் இருக்கும் 1940-களின் பாதி வெள்ளி ரூபாய்க்கு ஸ்லாப் போடுவது வீண், அதைப் போட்டுத் தருகிறேன் என்று ஊக்கப்படுத்துபவருக்குத்தான் அதில் வருமானம்.

ஸ்லாப் விற்பனையில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை டாப் பாப். இந்த எண்ணில் உலகத்திலேயே மூன்றுதான் இருக்கிறது என்பார்கள். அந்த மூன்று என்பது அந்த நிறுவனத்துக்கு வந்தவற்றில் மூன்று. அமெரிக்க டாலர் என்றால் லட்சக்கணக்கில் அனுப்பிப் பார்த்துவிட்டார்கள், அங்கே அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. இந்திய ரூபாய் விஷயத்தில் மேலே சொன்ன சட்டத்தாலும் செலவாலும் இங்கே பெட்டிகளில் கிடப்பவை அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அதனால் அந்த மூன்றுக்காகப் பத்து மடங்கு கொடுக்காதீர்கள். 1917, 1918 ரூபாய்கள் எல்லாம் முதல் உலகப் போர்க் காலத்தில் மலைபோல் அச்சடிக்கப்பட்டவை. வெள்ளி போதாமல் 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்திய நாணயத்துக்காக பிரிட்டனுக்கு விற்றது என்றால் தேவை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு 1919 ரூபாய்க்குள் இருப்பது அப்படி உருக்கிய அமெரிக்க வெள்ளி டாலராகக்கூட (மார்கன் டாலர் என்பார்கள்) இருக்கலாம், அந்த நினைப்பே எனக்கு அந்தக் காசை உருக்கக் கொடுக்க மனம் வராமல் செய்துவிடும்.

நிலை எப்படி இருந்தாலும் மதிப்பு குறையாத காசுகளும் உண்டு. 1911 ஜார்ஜ் ரூபாய் அதில் முதலாவது. அங்கியில் இருந்த யானை சின்னத் துதிக்கையோடு பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியே வந்தவை திரும்பப் பெறப்பட்டு, அச்சடித்தவற்றில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. 1912 முதல் யானையைத் திருத்திவிட்டார்கள். பன்றி ரூபாய் என்று பேரே நின்றுவிட்டது. இன்னொன்று 1939, ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் மிக அரியது. இந்த இரண்டிலும் ஃபைன் நிலைகூடப் பணம்தான், வளையத் தழும்பு இருந்தாலும் எடைக்குப் போகக் கூடாது. ஆனால் போலி புழங்குவதும் இங்கேதான், அதனால் இங்கே வாங்குபவர் பணம் கொடுப்பது நிலைக்கு முன்னால் அசலுக்கு. 1939 கிடைத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். அசலில் சாதாரணப் பல் வரிசைதான் இருக்கும். 1940-க்குப் பிந்திய ரூபாய்களில் பாதுகாப்புக்காக விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும் வைத்தார்கள், அது 1939 என்ற தேதியோடு இருந்தால் யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். 1939 நூறு வருடம் ஆகாதது, அதனால் இந்தியாவில் இருப்பவருக்கும் ஸ்லாப் கணக்குத் தீரும் காசு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

1862 விக்டோரியா ரூபாய் கொஞ்சம் பொறுமை கேட்கும். அந்தத் தேதியையே மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயசாலை மட்டும் பின்பக்கம் தேதிக்கு மேலும் கீழும் குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்து வருடத்தைக் காட்டியது. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில சாதாரணம், சில அரிது, ஒரே 1862 என்று எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. லென்ஸ் எடுத்து எண்ணிப் பாருங்கள், பத்து மடங்கு லென்ஸ் போதும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா, சில வருடங்களில் இந்த ஒரு புள்ளியிலும் விலை மாறும்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்கி, வாங்குவதற்கு ஸ்லாபா வெறும் காசா என்று யோசிப்பவர்களுக்கு: பொதுவான தேதி, எக்ஸ்எஃப் வரை என்றால் வெறும் காசு, சந்தேகமே வேண்டாம். கையில் எடுத்துப் பார்த்து, எடை போட்டு, ஓசை கேட்டு வாங்கும்போதுதான் கண் பழகும். எம்எஸ் 64-க்கு மேலே, அல்லது போலி புழங்கும் அரிய தேதி என்றால் வெளிநாட்டிலிருந்து ஏற்கெனவே ஸ்லாபில் வந்ததை வாங்குங்கள், ஆனால் கூட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் காசைப் பார்த்து வாங்குங்கள். ஒரே 63 எண்ணில் ஒன்று அழகாகவும் ஒன்று அவலட்சணமாகவும் இருக்கும், எண் இரண்டுக்கும் ஒன்றே. கூடே போலியாக வருவதும் உண்டு, சான்று எண்ணைத் தட்டி அங்கே வரும் படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடாமல் பணம் அனுப்பாதீர்கள்.

இந்த மூன்று வழிக்குள்ளேயே வராதவை சில உண்டு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி என்று போட்ட செம்பு, பித்தளை வில்லைகள் கம்பெனி அடித்த காசே இல்லை, பின்னாளில் செய்த டோக்கன்கள். அவற்றுக்கு லட்சம் கோடி என்று சொல்பவரோ, உங்கள் காசை ரிசர்வ் வங்கி வாங்கும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பவரோ மோசடிக்காரர். இதற்காகவே ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது.

விற்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் காசுகளைத் தேதிவாரியாக, அப்புறம் நிலைவாரியாகப் பிரித்துவிடுங்கள். வளையம் எடுத்ததும் கழுவித் தேய்த்ததுமான பொதுத் தேதிகள் ஒரு பக்கம், அவற்றுக்கு வெள்ளி ஏறியிருக்கும் நாளைப் பார்த்து எடை விலை. தொடப்படாத விஎஃப்-ம் அதற்கு மேலும் இன்னொரு பக்கம், அவை ஒவ்வொன்றாக வியாபாரியிடம் போகட்டும். 1911, 1939, புள்ளி எண்ண வேண்டிய 1862 இவை தனி, அவசரப்பட வேண்டாம். பிரித்ததை மெல்லிய, மெத்தென்று வளையும் பிவிசி பாக்கெட்டில் போட்டு வைக்காதீர்கள், சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரித்துவிடும். மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் வைத்த பிடிப்பிலோ, அது கிடைக்காவிட்டால் அமிலமில்லாத காகித உறையிலோ ஒன்றுக்கொன்று உரசாமல் வைத்து, உறை மேலேயே தேதி, எடை, நீங்கள் நினைக்கும் கிரேடு மூன்றையும் பென்சிலில் எழுதிவிடுங்கள். கடையில் அவர் சொல்லும் கிரேடும் உறையில் நீங்கள் எழுதியதும் ஒரு படிக்கு மேல் வித்தியாசப்பட்டால், ஏன் என்று காசின் எந்த இடத்தைக் காட்டிச் சொல்கிறார் என்று கேளுங்கள். இடத்தைக் காட்டுபவரிடம் விற்கலாம்.